ஒரு எச்.பி. மோட்டார் போட்டால் கரண்ட் பில் இரட்டிப்பாகுமா?

கேள்வி: எங்கள் மொட்டை மாடியில் 1000 லிட்டர் டேங்க், கீழே சம்ப். சம்ப் தண்ணீர் மட்டத்திலிருந்து டேங்க் வாய்வரை 30 அடி இருக்கும். குழாய் முக்கால் இஞ்ச். அரை எச்.பி. செல்ஃப் பிரைமிங் மோட்டார் முன்பு 25 நிமிடத்தில் டேங்க்கை நிரப்பும். இப்போது 35 நிமிடம் ஆகிறது. பிளம்பர் ஒரு எச்.பி. மோட்டார் போடச் சொல்கிறார். கரண்ட் பில் இரட்டிப்பாகிவிடும் என்பது என் பயம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளோ, "அதே தண்ணி, அதே உயரம், அதே வேலைதானேப்பா, பில் எப்படிக் கூடும்?" என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மகள் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசிதான் உங்கள் வீட்டு முக்கால் இஞ்ச் குழாய்க்குள் இருக்கிறது.

முதலில் மகளின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1000 லிட்டர் தண்ணீர் 1000 கிலோ. 30 அடி என்பது ஏறக்குறைய 9 மீட்டர். 1000 × 9.8 × 9 = 88,200 ஜூல். டேங்க்கை நிரப்பச் செய்ய வேண்டிய வேலை இவ்வளவுதான். இதை மோட்டார் செய்தாலும், பத்துப் பேர் வரிசையாக நின்று குடம் குடமாகக் கைமாற்றினாலும், 15 நிமிடத்தில் முடித்தாலும், நாள் முழுக்க இழுத்தாலும் மாறாது. எச்.பி. என்பது இந்த வேலையின் அளவல்ல. அதை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்பதன் அளவு. பாடப்புத்தகத்தில் இதற்குத் திறன் என்று பெயர். பேச்சில் நாம் பவர் என்ற ஒரே சொல்லை மின்சாரம், வேகம், வலு எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்கிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான்.

மின்வாரியம் உங்களிடம் காசு வாங்குவது திறனுக்கு அல்ல, ஆற்றலுக்கு. ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் ஆற்றல், அதாவது 36 லட்சம் ஜூல். இரண்டு மடங்கு இழுக்கும் மோட்டார் பாதி நேரத்தில் நின்றுவிட்டால் யூனிட் மாறாது. இதுவரை மகள் பக்கம்தான் நியாயம்.

ஆனால் 88,200 ஜூலை யூனிட்டாக மாற்றிப் பாருங்கள். ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. அரை எச்.பி. மோட்டார் சுமார் 550 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 35 நிமிடத்துக்கு 0.32 யூனிட். தண்ணீரைத் தூக்கத் தேவையானதைப் போலப் பதின்மூன்று மடங்கு! மிச்சமெல்லாம் எங்கே போகிறது? மோட்டார் ஓடி முடித்ததும் அதன் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், ஒரு பங்கு அங்கே சூடாக இருக்கும். இன்னொரு பெரும்பங்கு பம்புக்குள் தண்ணீரைச் சுழற்றிக் கலக்குவதிலேயே வீணாகிறது. செல்ஃப் பிரைமிங் பம்புகள் காற்றை வெளியேற்றித் தானே தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சௌகரியத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது.

இன்னொன்று: ஒரு எச்.பி. என்றால் 746 வாட் என்று படித்துவிட்டு அதையே பில் கணக்கில் பெருக்குகிறவர்கள் நிறைய. நீராவி எஞ்சினைக் குதிரையோடு ஒப்பிட்டுக் காட்ட ஜேம்ஸ் வாட் உண்டாக்கிய அளவு அது. தோராயமாக 76 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் வேகம். மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் எச்.பி., அதன் அச்சில் வெளியே கிடைப்பது. உள்ளே இழுப்பது அதைவிடக் கூடுதல். ஒரு எச்.பி.க்குச் சுமார் 1100 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் 1100 வாட் மோட்டார் 17 நிமிடத்துக்குள் டேங்க்கை நிரப்பிவிட்டால் உங்களுக்கு நஷ்டமில்லை. அதைத் தாண்டினால் பில் கூடும். 15 நிமிடம் என்றால் 0.28 யூனிட், 25 நிமிடம் என்றால் 0.46. தினம் ஒருமுறை நிரப்பினால் இரண்டு மாதத்துக்கு இப்போது ஆவது 19 யூனிட் சொச்சம். மோசமான நிலையிலும் அது 28 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். நீங்கள் பயந்த மாதிரி இரட்டிப்பாகாது. பில் முழுவதும் இரட்டிப்பாக நிச்சயம் வழியில்லை.

சரி, 17 நிமிடத்தில் நிரம்புமா? இங்கேதான் குழாய் குறுக்கே வருகிறது. குழாய்க்குள் ஓட்டம் இரண்டு மடங்கானால் உராய்வு இழப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். முக்கால் இஞ்ச் குழாயில் நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ளப் பார்த்தால், 15 மீட்டர் நீளத்துக்கு ஏற்படும் உராய்வே இன்னொரு 30 அடி ஏற்றுவதற்குச் சமம். எல்போ வளைவுகள் அதற்கு மேல். உங்கள் வீடு மூன்று மாடி உயர்ந்துவிட்டதாகவே பம்பு நினைத்துக்கொள்ளும். அதே ஓட்டத்துக்கு ஒரு இஞ்ச் குழாய் போட்டால் இந்த இழப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். என் வீட்டிலும் ஒருமுறை குழாயை மாற்றாமல் பெரிய மோட்டாரை மட்டும் மாட்டினேன். பாதி நேரத்தில் நிரம்பும் என்று பார்த்தால், 30 நிமிடம் 22 ஆனதோடு சரி.

ஆக, திறன் என்று பார்த்து யோசிக்க வேண்டியது பில்லுக்காக அல்ல, வயரிங்குக்காக. மோட்டார் கிளம்பும் அந்த ஓரிரு நொடியில் வழக்கத்தைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஒரு எச்.பி.யில் அது இன்னும் அதிகம். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தெருவாக இருந்தால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், சுற்றாது. வயர், சுவிட்ச் இரண்டும் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

இதெல்லாம் இருக்கட்டும். 25 நிமிடம் எப்படி 35 ஆனது? டேங்க் வளரவில்லை, மாடியும் உயரவில்லை. வேலை அதேதான், வீண்செலவுதான் கூடியிருக்கிறது. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், உறிஞ்சும் பக்க இணைப்பில் காற்று புகலாம், அடியிலுள்ள வால்வில் குப்பை அடைத்திருக்கலாம், குழாய்க்குள் உப்பு படிந்திருக்கலாம். புது மோட்டாருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் இவற்றைப் பாருங்கள். பழைய வேகம் திரும்பினாலே ஒரு தடவைக்கு 0.23 யூனிட்தான், அதாவது ஒரு எச்.பி. மோட்டார் 15 நிமிடத்தில் முடித்தாலும் அதைவிடக் குறைவு.

நான் சொன்ன 550 வாட் என் ஊகம்தான். உங்கள் மோட்டார் நிஜமாக எவ்வளவு இழுக்கிறது என்பதை உங்கள் மீட்டரே சொல்லும். டிஜிட்டல் மீட்டரின் முகத்தில் சிவப்பு விளக்கொன்று மினுங்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுங்கும் என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். 3200 என்பது பரவலாகக் காணும் எண். ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிடுங்கள். நிமிடத்துக்கு 29 முறை மினுங்கினால் 550 வாட். 40 முறை என்றால் 750 வாட், மோட்டாரிலும் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். மகளை மீட்டர் முன்னால் நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள், நீங்கள் மாடியில் டேங்க் வாயில் பக்கெட்டைப் பிடித்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விழுகிறது என்று பாருங்கள். இந்த இரண்டு எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் பிளம்பரிடம் பேசுங்கள்.