ஸ்லோவில் நிற்காத போட் இன்ஜின்: டைமிங் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "இன்ஜின் ஸ்லோவில் நிற்கவில்லை, டைமிங்கை எவ்வளவு திருப்பலாம்?" ஸ்லோ (ஐடில்) என்பது த்ராட்டிலைத் திறக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும் நிலை; அதில் அணையாமல் ஓடவில்லை என்பதுதான் புலம்பல். டைமிங் என்பது தீப்பொறி விழும் நேரம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்லோவில் நிற்காத இன்ஜின்களில் டைமிங் உண்மையிலேயே தப்பாக இருப்பவை குறைவு. ஆனால் எல்லாரும் முதலில் கை வைப்பது அங்கேதான்.

நாகப்பட்டினம் வாசகர்: 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு. நியூட்ரலில் நன்றாக ஓடுகிறது, கியர் போட்டால் அணைந்துவிடுகிறது. மெக்கானிக் டைமிங் திருகைக் கொஞ்சம் ஏற்றிவிட்டார். இப்போது அணைவதில்லை, ஆனால் கியர் விழும்போது இடி இடித்த மாதிரி சத்தம். இது சரியா?

சரியில்லை. காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் போர்வையைப் போர்த்தியிருக்கிறார்.

உங்கள் மாதிரி டூ ஸ்ட்ரோக் பலவற்றில் கைப்பிடியைத் திருப்பியதும் கார்புரேட்டர் உடனே திறக்காது. முதலில் ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் தட்டு நகர்ந்து தீப்பொறியை முன்னுக்குக் கொண்டுவரும். இன்னும் கொஞ்சம் திருப்பிய பிறகுதான் கேம் என்ற வளைவுத் தகடு உருளையைத் தொட்டு த்ராட்டிலைத் திறக்கும். அதாவது ஸ்லோவில் இன்ஜின் வேகத்தைத் தீர்மானிப்பதில் தீப்பொறி விழும் நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முழு வேகத்தில் பிஸ்டன் மேல்முனைக்கு வருவதற்குச் சுமார் 20, 25 டிகிரி முன்பே தீ விழும். ஸ்லோவில் மேல்முனையை ஒட்டியே விழும். சில மாடல்களில் மேல்முனையைத் தாண்டி ஓரிரு டிகிரி கழித்துக்கூட விழும். வேண்டுமென்றே தாமதப்படுத்தியிருக்கிறார்கள், இன்ஜின் நிதானமாகச் சுற்ற வேண்டும் என்பதற்காக.

அந்தத் திருகை ஏற்றினால் நியூட்ரலில் வேகம் கூடிவிடும். கூடிய வேகத்தில் கியர் விழுந்தால் நாய்ப்பல் மாதிரி இருக்கும் கிளட்ச் பற்கள் ஒன்றோடொன்று மோதும். நீங்கள் கேட்கும் இடி அதுதான். ஒரு சீசன் இப்படியே ஓட்டினால் கியர் பெட்டியைத் திறக்க வேண்டி வரும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் கார்புரேட்டர் கழுவும் கூலி ஒன்றுமே இல்லை.

திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். அப்புறம் எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) ஏறக்குறைய ஒரே அளவா என்று பாருங்கள். பிளக்குகளைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று மட்டும் ஈரமாகவோ வெளுத்தோ இருந்தால் சிக்கல் அந்த சிலிண்டரில். ஸ்லோவில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், கம்பி விட்டுக் குடைய வேண்டாம். கார்புரேட்டர் அடியிலும் அதை ஒட்டிய ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் தகடு) பெட்டியைச் சுற்றியும் இன்ஜின் ஓடும்போது சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. இணைப்புக் கம்பிகளின் உருண்டை முனைகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். உப்புக்காற்றில் அவை சீக்கிரம் தேய்ந்து தொளதொளத்துவிடும், அதற்கப்புறம் எந்த அட்ஜஸ்ட்மென்டும் நிற்காது.

காற்றுத் திருகை லேசாக முட்டும்வரை மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் இன்ஜின் நிதானமாகும்வரை காத்திருங்கள். பெட்ரோல் பற்றாவிட்டால் கார்புரேட்டர் தும்மும். அதிகமானால் புகைந்து திணறும். இதையெல்லாம் டிரம்மில் வைத்துச் செய்து முடித்துவிட வேண்டாம். கடைசிச் சரிபார்ப்பு படகைக் கட்டிப்போட்டு, தண்ணீரில், கியர் போட்டுத்தான். எக்ஸாஸ்டின் மேல் தண்ணீர் கொடுக்கும் எதிர்ப்பும் புரொப்பல்லரின் சுமையும் அங்கேதான் சரியாகக் கிடைக்கும். இவ்வளவுக்கும் பிறகு டைமிங் லைட்டை (தீ விழும் கணத்தில் மின்னி ஃப்ளைவீல் குறியைக் காட்டும் விளக்கு) கையில் எடுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

திருகோணமலை வாசகர்: 15 குதிரைத்திறன் மெசின். பாறையில் புரொப்பல்லர் அடிபட்ட பிறகு கயிறு இழுத்தால் கையைத் திருப்பி அடிக்கிறது, ஸ்லோவும் ஒழுங்கில்லை. டைமிங் லைட்டில் பார்த்தால் குறி சரியாகவே இருக்கிறது.

லைட் பொய் சொல்லவில்லை, ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை. இந்த ஒரு கேள்விக்காகவே இந்த முறை உட்கார்ந்தேன்.

ஃப்ளைவீலைத் தண்டில் சரியான இடத்தில் நிறுத்துவது ஒரு சின்ன சாவி. பாறையில் அடித்ததும் தண்டு சட்டென்று நின்றிருக்கும், கனமான ஃப்ளைவீல் தன் வேகத்தில் கொஞ்சம் முன்னால் போயிருக்கும். நடுவில் மாட்டிய சாவி பாதி வெட்டுப்பட்டிருக்கும். காந்தமும் டைமிங் குறியும் இரண்டுமே ஃப்ளைவீலில்தான் இருக்கின்றன. ஃப்ளைவீல் நகர்ந்தால் இரண்டும் சேர்ந்தே நகரும். அதனால் லைட்டுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பிஸ்டனுக்கு மட்டும் தீ முன்கூட்டியே வந்துவிடும், கயிறு கையை உதைக்கும். 25 மில்லிமீட்டர் தண்டில் சாவி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே நாலரை டிகிரி. நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு மெசினோடு அரை நாள் மல்லுக்கட்டினேன். காயில், சி.டி.ஐ. (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பெட்டி) எல்லாம் மாற்றிப் பார்த்த பிறகுதான் ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும் என்று தோன்றியது. வெட்கக்கேடு.

கழற்றாமலேயே சோதிக்க வழி இருக்கிறது. எல்லா பிளக்கையும் எடுத்துவிட்டு, முதல் சிலிண்டர் ஓட்டையில் பிஸ்டனைத் தடுக்கும் முட்டுக்கம்பி ஒன்றைத் திருகுங்கள். ஃப்ளைவீலைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் திருப்பி, முட்டும் இடத்தில் குறி போடுங்கள். மறுபக்கம் திருப்பி இன்னொரு குறி. இரண்டுக்கும் சரியான நடுப்புள்ளிதான் உண்மையான மேல்முனை. ஃப்ளைவீலில் இருக்கும் மேல்முனைக் குறி அந்த இடத்தில் வரவில்லை என்றால் சாவி போய்விட்டது. பிளக் ஓட்டையில் குச்சியை விட்டுப் பார்த்தால் போதாதா என்பார்கள். மேல்முனையில் பிஸ்டன் சில டிகிரி அசையாமல் நிற்கிற மாதிரியே தெரியும், குச்சியில் பிடிபடாது.

புதுச் சாவி போடும்போது தண்டின் சரிவையும் ஃப்ளைவீல் ஓட்டையையும் துடைத்து உலர வையுங்கள். கிரீஸ் தடவவே கூடாது. விசையைத் தாங்குவது சாவி அல்ல, அந்தச் சரிவின் பிடிப்பு. நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சுத்தியலால் தட்டி இறுக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய. அதை விட்டுவிடுங்கள்.

ராமேஸ்வரம் வாசகர்: மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின் ஸ்லோவில் குமுறுகிறது. டைமிங்கை அட்வான்ஸ் செய்தால் நன்றாக எரியுமா?

செய்யாதீர்கள். அட்வான்ஸ் என்றால் தீயை முன்கூட்டியே விழவைப்பது. மண்ணெண்ணெயின் ஆக்டேன் (தானாகப் பற்றித் தட்டாமல் தாங்கும் திறன்) பெட்ரோலைவிடக் குறைவு. அட்வான்ஸ் செய்தால் ஸ்லோவில் பளிச்சென்று இருக்கும், பாரம் ஏற்றி முழு ரேஸில் போகும்போது தட்டும், பிஸ்டன் தலை ஓட்டையாகும். மண்ணெண்ணெய் குளிர்ந்த இன்ஜினில் ஆவியாகாது, ஸ்லோவில் குமுறுவதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடான பிறகே மாற்றுங்கள். வலை போட்டுவிட்டு வெகுநேரம் ஸ்லோவில் காத்திருப்பதாக இருந்தால் பெட்ரோலுக்கே திரும்பிவிடலாம். நிறுத்துவதற்கு முன்னும் அப்படியே.

டொராண்டோ வாசகர்: படகுக்குள் பொருத்திய பழைய மெர்குரூசர் 5.7 பெட்ரோல் இன்ஜின், தண்டர்போல்ட் ஐந்து என்ற மின்னணு இக்னிஷன். டைமிங் லைட் வைத்தால் ஐடிலில் குறி ஒரு இடத்தில் நிற்காமல் ஆடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது) தேய்ந்துவிட்டதா?

தேய்ந்திருக்கலாம், ஆனால் முதலில் நினைக்க வேண்டியது வேறு. அந்த இக்னிஷனின் மின்னணு மாட்யூல் ஐடிலைச் சீராக வைக்க, தீப்பொறியைத் தானே முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்கும். அதை அடக்காமல் அளந்தால் கிடைப்பது மாட்யூலின் கணக்கு, உங்கள் கணக்கு அல்ல. ஊதா-வெள்ளை வயரை ஜம்பர் போட்டு இன்ஜின் எர்த்தில் கொடுங்கள். இப்போது அடிப்படை டைமிங் மட்டும் தெரியும். கையேட்டில் உங்கள் சீரியல் எண்ணுக்குச் சொன்ன டிகிரிக்கு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்கி, ஜம்பரைக் கழற்றுங்கள். கழற்ற மறப்பவர்கள் உண்டு. பிறகு வண்டி இழுக்கவே இழுக்காது. அப்படிப் பார்த்தும் குறி ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டரைச் சந்தேகிக்கலாம்.

இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். கார் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று கார் டிஸ்ட்ரிபியூட்டரைப் போட வேண்டாம். படகில் இருப்பது, உள்ளே பொறி விழுந்தாலும் வெளியே இருக்கும் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்காதபடி செய்யப்பட்டது. இன்ஜின் பெட்டியிலிருந்து ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோயரை ஸ்டார்ட் செய்வதற்கு முன் 4 நிமிடம் ஓடவிடுவதும் அதே காரணத்துக்குத்தான்.

கடலூர் வாசகர்: ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். டைமிங் எங்கே திருப்புவது?

டீசலில் தீப்பொறியே இல்லை, டீசல் பீய்ச்சும் நேரம்தான். உங்கள் மாதிரி சின்ன இன்ஜின்களில் அது பம்புக்கு அடியில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளில் இருக்கிறது. தகடு கூடினால் தாமதம், குறைந்தால் முந்தும். பம்பைக் கழற்றினால் பழைய தகடுகளை எண்ணிப் பத்திரப்படுத்துங்கள். ஸ்லோவில் வெள்ளைப் புகை வந்தால் தகட்டில் கை வைப்பதற்கு முன் டீசல் பீய்ச்சும் நாசிலைச் சோதனைக்குக் கொடுங்கள்.

காரைக்கால் வாசகர்: எங்களுடையது புது ஃபோர் ஸ்ட்ரோக், இன்ஜெக்‌ஷன். அதில்?

அதில் திருப்ப ஒன்றுமில்லை, கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா என்று ஃபில்டரைப் பாருங்கள்.

மண்டபம் வாசகர்: பகல் வெளிச்சத்தில் லைட்டில் குறியே தெரியவில்லை.

யாருக்கும்தான் தெரியாது. குறியில் கொஞ்சம் வெள்ளைப் பெயின்ட் வைத்து, சாயங்காலம் பாருங்கள். ஃப்ளைவீல் மூடி திறந்திருக்கும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள்.