போர்ட்டல் வெயின் 15-லிருந்து 12 ஆகிவிட்டது, அப்பாவுக்குக் குணமாகிறதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. 16 வருடமாகச் சர்க்கரை. மது ஒருநாளும் தொட்டதில்லை. போன வருடம் எடுத்த ஸ்கேனில் கல்லீரல் சுருக்கம் என்று வந்தது. அப்போது போர்ட்டல் வெயின் 15 மி.மீ., மண்ணீரல் 14.2 செ.மீ. இந்த மாதம் எடுத்த டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) போர்ட்டல் வெயின் 12 மி.மீ., மண்ணீரல் 15.6 செ.மீ., மண்ணீரல் பக்கத்தில் 'கொலாட்டரல்ஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். பிளேட்லெட் 92,000. 'போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன்' என்கிறார்கள். ஆனால் அப்பாவின் பிபி 130/80தான். வயிற்றுவலியும் இல்லை. 15 என்பது 12 ஆகியிருப்பது நல்ல அறிகுறிதானே? டாக்டர் எண்டோஸ்கோபி பார்க்கச் சொல்கிறார், அது அவசியமா? ஸ்கேன் படத்தில் ஆங்காங்கே நீல நிறம் இருக்கிறது, அது ஆபத்தா?

பதில்: இல்லை, 12 ஆனது குணமாவதற்கான அறிகுறி இல்லை. எண்டோஸ்கோபி பற்றி உங்கள் டாக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீல நிறம் மட்டும் பயப்பட வேண்டியதில்லை.

நீங்கள் அந்த 12-ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்டதில் தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது. நாங்கள் ஸ்கேன் டாக்டர்கள் ரிப்போர்ட்டில் எண்ணை எழுதிவிடுவோம். அந்த எண் ஏன் மாறியது என்று எழுத மாட்டோம். வீட்டுக்குப் போய் போன வருட ரிப்போர்ட்டையும் இந்த வருட ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, குறைந்தால் நல்லது, கூடினால் கெட்டது என்றுதான் தோன்றும். சர்க்கரை அளவை அப்படிப் பார்க்கலாம். போர்ட்டல் வெயினை அப்படிப் பார்க்க முடியாது.

மற்ற உறுப்புகளுக்குத் தமனி வழியாக ரத்தம் வரும், சிரை வழியாக இதயத்துக்குத் திரும்பிப் போகும். கல்லீரலுக்கு மட்டும் உள்ளே வர இரண்டு வழி. ஒன்று வழக்கமான தமனி. இன்னொன்று இந்தப் போர்ட்டல் வெயின். குடல், வயிறு, கணையம், மண்ணீரல் இவற்றிலிருந்து திரும்பும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போகாமல் முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. சாப்பிட்டதில் உள்ள சத்து, மருந்து, நச்சு பெரும்பாலும் அங்கே ஒருமுறை சோதிக்கப்பட்ட பிறகுதான் மேலே போகும். நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரலுக்கு வருகிறது. அதில் முக்கால் பங்கு போர்ட்டல் வெயின் வழியாகத்தான்.

இவ்வளவு ரத்தம் ஓடினாலும் அந்தக் குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. கையில் பார்க்கும் பிபி 120 என்றால், போர்ட்டல் வெயினில் சாதாரணமாக 5 முதல் 10 வரைதான். அப்பாவின் 130/80-க்கும் ரிப்போர்ட்டில் உள்ள ஹைப்பர்டென்ஷனுக்கும் சம்பந்தம் இல்லை என்பது இதனால்தான். கை பிபி கச்சிதமாக இருப்பவருக்கும், ஏன், குறைவாக இருப்பவருக்கும்கூட, போர்ட்டல் அழுத்தம் ஏறியிருக்கலாம்.

கல்லீரல் சுருக்கத்தில் உள்ளே தழும்பும் முடிச்சுமாக உருவாகி, ரத்தம் கசிந்து போக வேண்டிய நுண்ணிய வழிகள் நெருக்கப்படுகின்றன. அதற்கு மேல் இன்னொரு சங்கடம்: குடல் பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிந்து, முன்னைவிட அதிகமாக ரத்தத்தை அனுப்பத் தொடங்கிவிடும். முன்னே அடைப்பு, பின்னே தள்ளல். கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5-க்குள் இருக்கும். அது 10-ஐத் தொட்டால் உணவுக் குழாயில் ரத்தக் குழாய்கள் புடைப்பது, வயிற்றில் நீர் கோர்ப்பது எல்லாம் ஆரம்பிக்கலாம். 12-க்கு மேல் போனால் (இது அழுத்தக் கணக்கு, ரிப்போர்ட்டில் உள்ள 12 மி.மீ. குழாயின் அகலம் அல்ல) அந்தப் புடைப்பு வெடித்து ரத்தம் கொட்டலாம். இந்த எண்ணைத் துல்லியமாக அளக்க வேண்டுமென்றால் கழுத்துச் சிரை வழியாகக் கல்லீரல் வரை மெல்லிய குழாயை விட வேண்டும். எல்லாருக்கும் அதைச் செய்வதில்லை. ஸ்கேனால் அதை அளக்க முடியாது. ஸ்கேன் காட்டுவது அழுத்தத்தின் அடையாளங்களை மட்டும்தான்.

இப்போது 15 ஏன் 12 ஆனது என்பதற்கு வருவோம். கடைமடையில் வழி அடைபட்டால் வாய்க்காலில் தண்ணீர் தேங்கி, கரை முட்ட நிற்கும். உங்கள் அப்பாவின் 15 மி.மீ. அந்த நிலை. அப்புறம் மேல்மடையில் கரை எங்காவது உடைத்துக்கொண்டால் வாய்க்காலில் மட்டம் இறங்கும். மட்டம் இறங்கிவிட்டது என்று எந்த விவசாயியும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்க மாட்டார். உடைப்பு எங்கே என்று தேடிப் போவார். 'மண்ணீரல் பக்கத்தில் கொலாட்டரல்ஸ்' என்று எழுதியிருக்கிறதே, அதுதான் அந்த உடைப்பு. மண்ணீரலிலிருந்து வரும் ரத்தத்தில் ஒரு பகுதி, போர்ட்டல் வெயினுக்கு வந்து சேரும் முன்பே புதுப் பாதையில் திரும்பிவிடுகிறது. பெரும்பாலும் அது இடது சிறுநீரகத்துச் சிரையில் போய்ச் சேரும். வர வேண்டிய ரத்தம் குறைந்தால் குழாயும் ஒடுங்கும். ஆனால் அழுத்தம் அதே விகிதத்தில் இறங்கிவிடுவதில்லை. மண்ணீரல் 14.2-லிருந்து 15.6 ஆனதே அதற்குச் சாட்சி. வளர்ந்தவர்களுக்கு அது 12, 13 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லாருக்கும் குழாய் இப்படி ஒடுங்குவதில்லை. சிலருக்குத் தொப்புள் பக்கத்து வழி திறந்துகொள்ளும். தாய் வயிற்றில் இருந்தபோது தொப்புள் கொடி ரத்தம் கல்லீரலுக்கு வந்த பாதையை ஒட்டி, பிறந்த பிறகு பயனில்லாமல் கிடந்த சின்னச் சிரை அது. அது கல்லீரலின் இடது பகுதிக்குள்ளிருந்து பிரிவதால், பெரிய குழாயில் ரத்தம் தாராளமாகவே ஓடும். வேகமும் நன்றாக இருக்கும். டாப்ளர் தெரியாதவர் பார்த்தால் எல்லாம் சரி என்று எழுதிவிடுவார். ஸ்கேன் அறையில் நெஞ்சுக் குழிக்குக் கீழே ஜெல் தடவி, கருவியை லேசாக வைத்துப் பார்க்கும்போது, கல்லீரலிலிருந்து தொப்புளை நோக்கி ஒரு கறுப்புக் கோடு இறங்கும். கலரைப் போட்டால் அது சிவப்பாகி நம்மை நோக்கி ஓடி வரும். கருவியைக் கொஞ்சம் அழுத்தி வைத்தால் அந்தச் சிரை நசுங்கி மறைந்துவிடும். அதனால்தான் நல்ல ஸ்கேன் டாக்டர்கள் அந்த இடத்தில் மட்டும் கையை இறகு மாதிரி வைப்பார்கள்.

நிறத்தைப் பற்றிக் கேட்டீர்கள். டாப்ளரில் சிவப்பு என்றால் நல்ல ரத்தம், நீலம் என்றால் கெட்ட ரத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வழக்கமாகக் கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம். கருவியைச் சாய்த்தால் அதே குழாய் நிறம் மாறும். நாங்கள் பார்ப்பது நிறத்தை அல்ல, திசையை. போர்ட்டல் வெயினில் ரத்தம் கல்லீரலை நோக்கிப் போக வேண்டும்; முற்றிய நிலையில் அது திரும்பி, கல்லீரலிலிருந்து வெளியே ஓடத் தொடங்கும். அப்படி இருந்தால் ரிப்போர்ட்டில் 'ஹெப்படோஃப்யூகல்' என்று இருக்கும். 'ஹெப்படோபெட்டல்' என்று இருந்தால் திசை சரி என்று பொருள். வேகமும் போட்டிருப்பார்கள். நொடிக்கு 16 செ.மீ.க்குக் கீழே போனால் அழுத்தம் ஏறியிருப்பதற்கான ஒரு குறிப்பு. ரத்தம் உறைந்து குழாயை அடைத்திருக்கிறதா என்பதையும் கட்டாயம் எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேளுங்கள்.

மி.மீ. எண்ணின் மேல் எனக்கு இவ்வளவு அவநம்பிக்கை வர இன்னொரு காரணமும் உண்டு. 13 மி.மீ. வரை சரி என்பது, வெறும் வயிற்றில், சாதாரணமாக மூச்சு விடும்போது எடுத்த அளவுக்கு. "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சொல்லி அளந்தால், ஆரோக்கியமானவருக்கே கூடிவிடும். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தாலும் கூடும். போன வருடம் ஒருவர் ஒரு விதமாகவும், இந்த வருடம் இன்னொருவர் இன்னொரு விதமாகவும் அளந்திருந்தால் 3 மி.மீ. வித்தியாசத்தில் பாதி அதிலேயே போய்விடும். மண்ணீரல் அளவும் பிளேட்லெட்டும் இவ்வளவு ஏமாற்றாது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் பெரும்பாலும் பிளேட்லெட் குறைகிறது. அப்பாவின் 92,000-உம் பெரும்பாலும் அதே கதையைத்தான் சொல்கிறது. டெங்கு வந்ததா, பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்று அலைய வேண்டாம்.

எண்டோஸ்கோபிக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்க்கும் ஸ்கேன், மண்ணீரல் பக்கத்து உடைப்பைக் காட்டிவிட்டது. ஆனால் உயிருக்கு ஆபத்தான உடைப்பு வேறு இடத்தில் இருக்கலாம்: வயிற்றின் மேல்பக்கத்துச் சிரை வழியாக உணவுக் குழாயின் அடிப்பகுதிக்குப் போகும் பாதை. அங்கே குழாய்கள் மெல்லிய சவ்வுக்கு அடியில் புடைத்து நிற்கும். நெஞ்சுக்குள் இருப்பதால் ஸ்கேனில் அதைச் சரியாகப் பார்க்க முடியாது. அந்தப் புடைப்பு வலிக்காது. "வயிறு வலிக்கவே இல்லையே" என்று அப்பா சொல்வதை நான் தினமும் வேறு வேறு வாயிலிருந்து கேட்கிறேன். முதல் அறிகுறியே ரத்த வாந்தியாக இருக்கலாம்.

எல்லாருக்கும் எண்டோஸ்கோபி தேவை என்றும் இல்லை. இத்தாலியில் உள்ள பவேனோ என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் நிபுணர் குழு இதற்கு ஒரு வரையறை கொடுத்திருக்கிறது: ஃபைப்ரோஸ்கேனில் கல்லீரலின் விறைப்பு 20 கிலோபாஸ்கலுக்குக் கீழேயும், பிளேட்லெட் 1,50,000-க்கு மேலேயும் இருந்தால் அப்போதைக்குத் தள்ளிப் போடலாம். அப்பாவுக்குப் பிளேட்லெட்டே அந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருக்கிறது. இன்னொரு வழி, கார்வெடிலால் போன்ற மாத்திரையைத் தொடங்குவது. இதயத்துக்குக் கொடுப்பதுதான், போர்ட்டல் அழுத்தத்தையும் குறைக்கும். அதை ஒழுங்காகச் சாப்பிட முடிகிறவருக்கு எண்டோஸ்கோபி இல்லாமலேயே போகலாம் என்பது இப்போதைய நிலைப்பாடு. ஆஸ்துமா இருந்தால், அல்லது பிபி ஏற்கெனவே குறைவாக இருந்தால் அது ஒத்துவராது. எது பொருந்தும் என்பதை உங்கள் கேஸ்ட்ரோ டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று மட்டும் வாங்காதீர்கள்.

குடிக்காதவருக்கு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உறவினர்கள் கேட்டிருப்பார்கள். 16 வருடச் சர்க்கரையும் கல்லீரல் கொழுப்புமே போதும். ஆனாலும் ஹெப்படைட்டிஸ் பி, சி ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்களா பாருங்கள். அவற்றுக்குத் தனி மருந்து உண்டு. பார்க்காமல் விடுவது வீண்.

மண்ணீரல் பக்கத்து உடைப்பு பெரிதாக இருப்பவர்களிடம் நான் குடும்பத்தாரைக் கவனிக்கச் சொல்வது தூக்கத்தை. கல்லீரலைத் தொடாமல் ரத்தம் சுற்றிப் போவதால் குடலில் உண்டாகும் அம்மோனியா மூளைக்கு நேரே போகிறது. பகலில் தூங்கி வழிந்து இரவில் கொட்டக் கொட்ட விழித்திருப்பது, பேங்க் ஃபாரத்தில் கையெழுத்து கோணிப் போவது, பணத்தை எண்ணத் தடுமாறுவது இதெல்லாம் வயதால் வந்ததாக விட்டுவிடாதீர்கள். மலச்சிக்கல் இருந்தால் இது கூடும். டாக்டர் லாக்டுலோஸ் சிரப் எழுதினால், பேதியாகிறது என்று பாதியில் நிறுத்த வேண்டாம். அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.

தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, நாற்றத்துடன் மலம் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, நினைவு தடுமாறினாலோ, வயிறு உப்பியிருக்கும்போது காய்ச்சல் வந்தாலோ மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் அது இப்படிப் பிசுபிசுக்காது. சந்தேகம் இருந்தால் எமர்ஜென்சிக்கே போய்விடுங்கள்.

பத்தியம் என்று சொல்லி முட்டை, பருப்பு, தயிரை நிறுத்தியிருந்தால் இன்றே திரும்பக் கொடுங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. இல்லாவிட்டால் தசை கரைந்து, கை கால் குச்சியாகிவிடும். இரவு படுக்கும் முன் சுண்டலோ பாலோ ஏதாவது கொஞ்சம். அப்பளம், ஊறுகாய், கருவாடு குறையட்டும். முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் கூடவே கூடாது. வலி தாங்காவிட்டால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பாராசிட்டமால், அதுவும் நாளுக்கு 2 கிராமுக்குள். 'லிவருக்கு நல்லது' என்று வரும் பொடிகள், கஷாயங்கள் வேண்டாம். கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்டவர்கள் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அடுத்த ஸ்கேன் ஆறு மாதத்தில். அதன் முக்கிய நோக்கம் போர்ட்டல் வெயினை அளப்பது அல்ல, கல்லீரலில் புதிதாகக் கட்டி ஏதும் முளைக்கிறதா என்று பார்ப்பது. முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, காபி கூட வேண்டாம். சர்க்கரைக்காரர் என்பதால் காலையிலேயே முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். அன்று காலை மாத்திரை, இன்சுலினை எப்படி எடுப்பது என்று முந்தைய நாளே டாக்டரிடம் கேட்டுவையுங்கள். இரண்டு பழைய ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

எண்டோஸ்கோபி அப்பா பயப்படும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. தொண்டை மரத்துப்போக ஒரு ஸ்பிரே அடிப்பார்கள். பார்ப்பதற்கு மட்டும் என்றால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். புடைப்பு பெரிதாக இருந்தால் ரப்பர் வளையம் போட்டுக் கட்டவும் செய்யலாம். அதன் ரிப்போர்ட்டில் 'வேரிசஸ்' (அந்தப் புடைப்புதான்) சிறியதா, பெரியதா, மேலே சிவப்புக் கோடு இருக்கிறதா என்று எழுதியிருப்பார்கள். அந்த வரியை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.