அழகர் வந்தால் ரோடு அடைபடத்தான் செய்யும்

அன்புள்ள அக்கா,

நான் கோவைக்காரன். வேலை மாற்றலாகி மதுரை வந்து, கடச்சனேந்தல் பக்கம் வாடகைக்கு இருக்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மறுபரிசோதனைக்குக் கொடுத்த தேதி, சித்திரைத் திருவிழாவில் மலையிலிருந்து இறங்கி வரும் கள்ளழகரை ஊரே எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை அன்று வந்துவிட்டது. ஆட்டோ மூன்றுமாவடியைத் தாண்டவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு அம்மாவைக் கூட்டத்துக்குள் நடத்திக் கூட்டிப்போகப் பார்த்து, முடியாமல் திரும்பிவிட்டோம். பக்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மாநகரத்தின் முக்கியமான சாலையை நாள்கணக்கில் பொதுமக்கள் ஆக்கிரமித்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? தமுக்கம் மாதிரி ஒரு மைதானத்தில் வைத்துக்கொள்ளக் கூடாதா? ராத்திரி முழுக்க ஒலிபெருக்கி, வழியெல்லாம் ஃப்ளெக்ஸ், மறுநாள் பார்த்தால் ரோடு முழுக்கச் சாப்பாட்டுத் தட்டு. இங்கேயே ஒரு மனை வாங்கலாமா, கோவைக்கே திரும்பிவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் என்ற முறையில் உண்மையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்

—

அன்புள்ள தம்பி,

அம்மாவின் கண் இப்போது எப்படி இருக்கிறது? அத்தனை எழுதியவர் அதை எழுதவில்லையே. ஆபரேஷன் செய்த கண்ணோடு சித்திரை வெயிலில், கோவிந்தா கோஷத்துக்கு நடுவில், மகன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மா நடப்பதை நினைத்தால் எனக்கே பதறுகிறது. அதில் உங்கள் மேல் கொஞ்சம் கோபமும் உண்டு. பாதைகள் மாற்றப்படுவதை முன்கூட்டியே பேப்பரில் போடுகிறார்கள். சித்ரா பௌர்ணமி என்றைக்கு என்று தினசரிக் காலண்டரில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தேதி சொன்னபோதே 'அன்னைக்கு வேண்டாம், அழகர் வர்றாரு' என்று சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். மதுரையில் அது லீவு லெட்டரில் எழுதக்கூடிய காரணம். சரி, புதுசாக வந்தவருக்கு யார் சொல்வது. பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார்கள், நீங்கள் பக்கத்து வீட்டோடு பேசுகிற ஆளாக இருந்தால்.

ஒலிபெருக்கியைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவரைக் கேளுங்கள், வருஷத்தில் எத்தனை ராத்திரி என்று. ஃப்ளெக்ஸும் அப்படித்தான். அது திருவிழாவின் நோய் இல்லை, தமிழ்நாட்டின் நோய். காது குத்துக்கும் வைக்கிறார்கள்.

குப்பை விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அன்னதானம் போடுகிறவருக்குப் புளியோதரையைத் தட்டில் வைத்துக் கொடுப்பதோடு புண்ணியம் முடிந்துவிடுகிறது. அந்தத் தட்டு எங்கே விழுகிறது, அதை யார் குனிந்து எடுக்கிறார்கள் என்பது அவர் கணக்கில் இல்லை. அழகர் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே துப்புரவுத் தொழிலாளர்கள் பின்னாலேயே கூட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். சாமி கும்பிடக்கூட அவர்கள் நிமிர்வதில்லை, அடுத்த லாரி வந்துவிடும். பந்தல் போடுகிறவர்களே பத்துச் சாக்கும் இரண்டு ஆளும் வைக்க வேண்டும் என்று மாநகராட்சி கட்டாயம் செய்தால் நான் கைதட்டுவேன். ஆனால் ஒன்று, உங்கள் புறநகரில் காலி மனை ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் பை மலையாகக் கிடக்கிறதே, அதைப் போட்டது அழகர் பார்க்க வந்த கிராமத்து ஜனம் இல்லை.

இப்போது ரோட்டுக்கு வருவோம். உங்கள் கடிதம் வந்த அதே வாரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் இதே பேச்சு. அதனால்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். 'பொதுமக்கள் சாலையை ஆக்கிரமிக்கிறார்கள்' என்கிறீர்கள். தம்பி, இந்த ஊர்த் தெருப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். மீனாட்சி கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, அதற்கு வெளியே மாசி வீதி. எந்த மாசம் சாமி எந்தத் தெருவில் வருமோ அதுதான் பெயர். நாயக்கர் காலத்தில் கோயிலை நடுவில் வைத்து அடுக்கடுக்காக வீதி போட்டபோது மனதில் இருந்தது தேர் திரும்பும் மூலை, இரண்டு பக்கமும் ஜனம் நிற்கும் அகலம். மாசியில் ஓடிக்கொண்டிருந்த தேரைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தேனூரில் ஆற்றில் இறங்கிய அழகரை மதுரைக்குக் கொண்டுவந்து இரண்டு விழாவையும் சேர்த்தார் என்று சொல்வார்கள். மாசம் மாறியும் வீதியின் பெயர் மாறவில்லை, இன்றைக்கும் சித்திரைத் தேர் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. அதற்கும் வெளியே இருக்கிற வெளி வீதிகள் பிறகு வந்தவை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தபோது கிடைத்த இடம். அந்த வேலையில் இருந்த சர்வேயர் பெயரில் மாரட் வீதி, மேஸ்திரி பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. நீங்கள் நிற்கிற அழகர்கோவில் சாலையும் மலையிலிருந்து பெருமாள் இறங்கி வருகிற வழிதான். இருபது கிலோமீட்டருக்கு மேல், வழியெல்லாம் சாமி நின்றுபோகும் மண்டகப்படி. இதில் உங்கள் ஆட்டோவும் என் ஸ்கூட்டரும் போன நூற்றாண்டில் வந்து சேர்ந்த விருந்தாளிகள்.

கோயம்புத்தூரிலேயே கோனியம்மன் தேருக்கு ராஜவீதி அடைபடுவதில்லையா? அன்றைக்கு நீங்கள் இப்படிக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தேர்முட்டியில் நின்றிருப்பீர்கள். சொந்த ஊரில் அடைபட்டால் திருவிழா, வந்த ஊரில் அடைபட்டால் போக்குவரத்து நெரிசல்.

தமுக்கத்தில் வைக்கலாமே என்றால், அங்கே போய்ப் பார்த்தீர்களா? ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் பெரிய மாநாட்டு மையம் கட்டியாகிவிட்டது. ஏசி போட்ட கூடம். காசு கட்டி எடுத்து, வாசலில் ஆள் நிறுத்தி, யார் உள்ளே வரலாம் என்று பார்த்துத்தான் விட முடியும். மேலூர்ப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டி கட்டி வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இப்போது குட்டியானையில் வருகிறார்கள், சட்டி பானையோடு. அவர்களை எந்த கேட்டில் நிறுத்துவீர்கள்?

இதை ஏன் இவ்வளவு சூடாகச் சொல்கிறேன் என்றால் என் அப்பத்தாவால்தான். செல்லூரில் ஒரு லைன் வீட்டில் இருந்தாள். விளக்கு வைத்த பிறகு தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும் கூட ஒரு பேரன் வேண்டும், அவனுக்கு அஞ்சு வயசாக இருந்தாலும் சரி, ஆம்பளைத் துணை. வாசற்படியில் கொஞ்ச நேரம் அதிகமாக உட்கார்ந்தால் தாத்தா உள்ளேயிருந்து செருமுவார். அப்படிப்பட்டவள் எதிர்சேவை அன்று பொழுது சாய்ந்ததும் ஜமுக்காளத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்களையெல்லாம் ஓட்டிக்கொண்டு தல்லாகுளம் போவாள். நடு ரோட்டில், நான் சொல்வது ஓரத்தில் இல்லை, பஸ் போகிற நடு ரோட்டில், ஜமுக்காளத்தை விரித்து இரண்டு காலையும் நீட்டி உட்காருவாள். தூக்குவாளியில் புளிச்சோறு. மடியில் வெற்றிலை. செம்பு நிறைய நாட்டுச் சர்க்கரை, வாயை வாழை இலையால் மூடி நூல் சுற்றியிருக்கும், சூடம் தனியாக முந்தானையில் முடிந்திருப்பாள், கூட்டத்தில் சூடம் நனைந்துவிடும் என்று பயம், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவன் எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் இன்னொரு ஜமுக்காளம், பேர் தெரியாத ஒரு கிழவி, பத்து நிமிஷத்தில் இருவரும் மருமகள்களைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்கள். அவள் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து வீட்டில் நான் கேட்டதே இல்லை. ஒரு தடவை போலீஸ்காரர் ஒருவர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, 'ஆத்தா, காலை மட்டும் கொஞ்சம் மடக்குங்க, உண்டியல் வண்டி போகணும்' என்றார். மடக்கினாள், வண்டி போனது, மறுபடி நீட்டிக்கொண்டாள்.

மதுரையைத் தூங்காநகரம் என்று பெருமையாகச் சொல்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சூடாக இட்லி கிடைக்கும், உண்மைதான். அந்த இட்லிக் கடை வாசலில் நிற்பது யார் என்று என்றைக்காவது பார்த்தீர்களா? ஆம்பளைகள். பெண்கள் ராத்திரி வெளியே இருப்பார்கள், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் கூடையோடு வருகிறவர்களைப் போல, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களைப் போல, ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருக்கிறவர்களைப் போல. வேலை இருந்தால் வரலாம். சும்மா உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு ஊரைப் பார்க்க வர முடியாது. அது முடிகிற ராத்திரி இரண்டு உண்டு. ஒன்று எதிர்சேவை. இன்னொன்று வைகைக் கரை ராமராயர் மண்டபத்தில், அழகர் ஒவ்வொரு அவதாரக் கோலமாகக் காட்சி தர விடிய விடிய நடக்கிற தசாவதாரம். அதில் மோகினி அவதாரம் வரும்வரை என் அக்கா மகள் தன் சிநேகிதிகளோடு உட்கார்ந்திருந்தாள், அவள் அப்பா ஒரு தடவைகூட போன் செய்யவில்லை. வேறு எந்த ராத்திரியாவது பன்னிரண்டு மணிக்கு அந்தக் கரையில் அவள் உட்கார்ந்திருக்க முடியுமா? அவ்வளவு கூட்டம் இருப்பதால்தான் முடிகிறது. கூட்டத்தில் திருடன் உண்டு, இடிக்கிறவன் உண்டு, நான் மறைக்கவில்லை, அப்பத்தா இடுப்பில் கொண்டை ஊசி வைத்திருப்பாள். ஆனால் ஆயிரம் கிழவிகள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற ரோட்டில் ஒருத்தன் எவ்வளவு தூரம்தான் வாலாட்டிவிட முடியும்? நீங்கள் காலி செய்யச் சொல்கிற ரோடு இதுதான் தம்பி. காலி செய்தால் அது வண்டிக்குப் போகும். அப்பத்தாவுக்குத் திரும்பி வராது.

காலியாக இருந்தும் பார்த்துவிட்டோம். 2020லும் 2021லும் கொரோனாவால் அழகர் மலையை விட்டு இறங்கவில்லை. இரண்டாவது வருஷம் கோயிலுக்குள்ளேயே ஆறு மாதிரி செய்து தண்ணீர் விட்டு வைபவத்தை முடித்தார்கள். அழகர்கோவில் சாலை நீங்கள் ஆசைப்படுகிற மாதிரியே இருந்தது, நெரிசல் இல்லை, தட்டு இல்லை, சத்தம் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பாட்டி டிவிக்கு முன்னால் செம்பை வைத்துச் சூடம் ஏற்றினார்.

இத்தனை பேசியதால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022ல் கூட்டம் திரும்பி வந்தபோது ஆற்றில் நெரிசலில் சிக்கி இரண்டு பேர் செத்துப்போனார்கள். சாமி பார்க்க வந்தவர் பிணமாகத் திரும்புவதை எந்த வாதத்தாலும் மூட முடியாது. வைகையின் இரண்டு பக்கமும் சுவர் கட்டி, சுவரை ஒட்டி ரோடும் போட்டாகிவிட்டது. முன்பு எந்தச் சந்தில் நுழைந்தாலும் கரையில் சரிந்து ஆற்றுக்குள் இறங்கிவிடலாம், இப்போது இறங்க வழி தேட வேண்டியிருக்கிறது. எல்லோரும் ஆற்றின் மேல் இருக்கிற ஏ.வி. பாலத்துப் பக்கமே நெருக்குகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது. உங்கள் அம்மா மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களுக்கு ஒரு தெருவைத் தனியாக ஒதுக்கி, மூன்றுமாவடியிலேயே தட்டி வைத்து ஆள் நிறுத்துங்கள் என்றும் கேட்கலாம். அப்படி ஒரு மனு எழுதினால் கையெழுத்துப் போட நானே வருகிறேன். திருவிழாவையே மைதானத்துக்குள் தள்ளு என்றால் வரமாட்டேன்.

மனை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், அதை விட்டுவிட்டேன் பாருங்கள். தாராளமாக வாங்குங்கள். சாமி வருகிற ரோடா என்று பார்க்காதீர்கள், தண்ணீர் வருகிற வழியா என்று பாருங்கள். இந்த ஊரில் கண்மாய்தான் பாதி ஊர். உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் நிற்கிறது, மனை போடுகிறவர் சும்மா விடுவாரா? 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் போய் இடத்தைப் பாருங்கள். பட்டாவோடு நிற்காமல் சர்வேக்காரர்கள் நிலத்தை அளந்து போட்ட பழைய எஃப்எம்பி வரைபடத்தையும் கேளுங்கள். அதில் ஓடை போட்டிருந்தால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம், புரோக்கர் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும்.