ஜப்பானில் ஒரே ஒரு பழமையான ஷிண்டோ ஆலயத்தைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் எங்கே போகலாம்?

இசேவுக்குப் போங்கள். நகோயாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். நான் 2018இல் போனேன்.

முதலில் வெளி ஆலயமான கேகூ, பிறகு உள் ஆலயமான நைகூ என்பதுதான் அங்கு வழக்கம். கேகூ உணவின் தெய்வமான தொயோஉகேவுக்கு உரியது. அதன் மூலஸ்தானத்தை ஒட்டி, அதே அளவில் ஒரு வெற்று நிலம் கிடக்கிறது. கூழாங்கற்கள் பரப்பியிருக்கிறார்கள், நடுவில் ஆள் நுழைய முடியாத அளவுக்கு ஒரு சின்ன மரக்கூடு. அவ்வளவுதான். பலர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனார்கள். நான் வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். முந்தைய கோயில் நின்றதும் அங்கேதான், அடுத்தது எழப்போவதும் அங்கேதான்.

20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் ஹினோகி மரத்தால் புதிய கோயிலைக் கட்டி, தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். பேரரசி ஜிதோவின் காலத்தில், 690இல் நைகூவில் தொடங்கியது இது. இடையில் உள்நாட்டுப் போர்களால் 120 ஆண்டுகளுக்கு மேல் தடைபட்டும் மீண்டும் துளிர்த்தது. 2013இல் நடந்தது 62ஆவது முறை. ஆகவே, நான் கண்ட மரத்துக்கு வயது ஐந்துதான். அப்படியானால் பழமை எங்கே என்று கேட்பீர்கள். தச்சர்களின் கையில் இருக்கிறது. இளைஞனாக எடுபிடி வேலை செய்தவன், அடுத்த முறை முன்னின்று நடத்துகிறான்.

பிரித்த மரமும் வீணாவதில்லை. நைகூவுக்குப் போகும் உஜி பாலத்தின் உட்புறத் தோரண வாயிலான தோரியின் தூண்கள், பழைய நைகூ கோயிலின் முகட்டைத் தாங்கியவை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பட்டுபோல் வழவழப்பு, அடியில் மட்டும் மழை பட்ட கருமை. பாலம் தாண்டியதும் இசுசு ஆற்றங்கரையில் குனிந்து கைகழுவலாம். அதைத் தவறவிடாதீர்கள்.

நைகூவில் சூரிய தேவி அமாதெராசுவின் சன்னதியைச் சுற்றி வேலிக்குள் வேலி. வாசலில் வெண்திரை. அதற்கு அப்பால் நமக்கு அனுமதி இல்லை, படிக்கட்டுக்கு மேல் படம் எடுக்கவும் கூடாது. இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தேன். அப்போது காற்றில் திரை மெல்ல எழுந்தது. வெயில் விழுந்த கூழாங்கல் முற்றம், அதன் மறுகோடியில் இன்னொரு வாசல். இரண்டு மூச்சு நேரம்தான், இறங்கிவிட்டது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

ஆலயம் காலை 5 மணிக்கே திறக்கும். பக்கத்தில் தங்கினால் கூட்டம் வருவதற்குள் போய்விடலாம். அடுத்த இடமாற்றம் 2033இல். அதற்கான முதல் மரங்களை 2025இல் கிசோ மலைக்காட்டில் சடங்கு செய்து வெட்டிவிட்டார்கள். அந்த நிலத்தை வெறுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் கட்டுமானம் எழுவதற்குள் போய் வாருங்கள்.