கால் கழுவுவதற்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊரில் ஒரே மரபைச் சேர்ந்த இரண்டு சபைகள் உண்டு; இனம் வேறு. முன்பு எங்கள் சபைதான் அவர்களைத் தனி ஆராதனைக்கு அனுப்பியது. இப்போது ஒப்புரவு ஆராதனை வைத்து, அவர்கள் கால்களைக் கழுவி மன்னிப்புக் கேட்க எங்கள் மூப்பர்கள் விரும்புகிறார்கள். அவர்களோ ஆர்வமே காட்டவில்லை. மன்னிக்க மனமில்லாதவர்களோடு எப்படி ஒப்புரவாவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மன்னிக்க மனமில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நாளையும் இடத்தையும் சடங்கையும் நீங்களே குறித்துவிட்டு அவர்களை வரச்சொல்கிறீர்கள். அன்று தனியே போகச் சொன்னதும் இப்படித்தான் நடந்திருக்கும்.

தென்னாப்பிரிக்க டச்சு சீர்திருத்தச் சபையின் கதையைப் பாருங்கள். நிறம் பாராமல் எல்லாருக்கும் ஒரே திருவிருந்து என்று 1829இல் அதன் சினோடு, அதாவது சபையின் பேரவை, சொன்னது. 1857இல், ‘சிலருடைய பலவீனத்தின் நிமித்தம்’ தனி ஆராதனைக்கு இடம் கொடுத்தது. பலவீனம் என்றது வெள்ளையர்களின் தயக்கத்தை. 1881இல் கலப்பினத்தவருக்கென்று தனிச் சபையே உருவாகிவிட்டது. அந்தச் சபைதான் 1982இல் பெல்ஹார் அறிக்கையை வரைந்து, 1986இல் ஏற்றது. பிரிவினையை நியாயப்படுத்தும் எந்தப் போதனையும் சுவிசேஷத்துக்கு விரோதம் என்றது அந்த அறிக்கை. 1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் மாநாட்டில் டச்சு சீர்திருத்தச் சபையின் இறையியலாளர் வில்லி யோங்கர் தன் பாவத்தையும் தன் சபையின் பாவத்தையும் அறிக்கையிட்டார். கறுப்பினப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அதை ஏற்றார். நெஞ்சை நெகிழ்விக்கும் தருணம்தான். ஆனால் பெல்ஹாரைக் கட்டாய விசுவாச அறிக்கையாக ஏற்க டச்சு சீர்திருத்தச் சபை தயங்கியது. இரு சபைகளும் இன்னும் ஒன்றாகவில்லை. கண்ணீர் ஒரு நாளில் வந்துவிடும், சபைச் சட்டம் அப்படி மாறாது.

ஆகவே உங்கள் பழைய கூட்டக் குறிப்பேடுகளைத் தேடி எடுங்கள். எந்த ஆண்டு, என்ன வார்த்தைகளில் அந்தத் தீர்மானம் நிறைவேறியது? அதை அப்படியே வாசித்து, ‘இது பாவம்’ என்று சபைக் கூட்டத்தில் புதிய தீர்மானம் நிறைவேற்றுங்கள். ‘யாராவது புண்பட்டிருந்தால்’ என்ற சொற்றொடர் வேண்டவே வேண்டாம். அது குற்றத்தைப் புண்பட்டவர் தலையில் வைக்கிறது. போதகர் மட்டும் கேட்கும் மன்னிப்பு, அவர் மாற்றலாகிப் போனதும் காலாவதியாகிவிடும்.

அதன் நகலை அனுப்பி, பேச விருப்பமிருந்தால் இடத்தையும் நாளையும் நீங்களே சொல்லுங்கள் என்று எழுதுங்கள். அங்கே போனால் கேட்க மட்டும் செய்யுங்கள். ‘அந்தக் காலம் அப்படி’ என்று யாராவது விளக்கத் தொடங்கினால் அத்துடன் பேச்சு முறிந்துவிடும்.

அடுத்து பணமும் அதிகாரமும். அப்போஸ்தலர் 6ஐ மறுபடி வாசியுங்கள். தங்கள் விதவைகள் சரியாக விசாரிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூதர்கள் முறுமுறுத்தார்கள். அதைச் சரிசெய்யத் தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரின் பெயர்களையும் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்கள் பக்கமே பந்தி விசாரணை போய்ச் சேர்ந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. வரி வசூலித்த சகேயுவும் வருத்தம் தெரிவித்ததோடு நிற்கவில்லை. நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகக் கணக்குச் சொன்னான். பிரிந்தபோது கட்டடம், நிலம், சேமிப்பு யாரிடம் தங்கின என்று நீங்களும் கணக்கெடுங்கள்.

கூட்டு ஆராதனை பிறகு வரட்டும். அப்போதும் உங்கள் மொழியில், உங்கள் பாட்டுகளோடு, அவர்களுக்கு ஒரு ஜெபம் மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். ஆராதனை முறையை இரு தரப்பும் சமமாக உட்கார்ந்து எழுதுங்கள்.

கால் கழுவுதலை அவர்கள் கேட்டால் மட்டும் வையுங்கள். பதில் வர ஓராண்டு ஆனாலும் இரண்டாவது கடிதம் போட்டு நெருக்க வேண்டாம்.