அரை மணி நேரம் ஒரு பஸ்கூட இல்லை, வந்தால் மூன்று சேர்ந்து வருகிறதே, ஏன்?

கேள்வி: அடிக்கடி பஸ் விடுவதாகச் சொல்லும் தடத்திலேயே அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பிறகு ஒரே எண் பஸ் மூன்று வரிசையாக வருகிறது. ஓட்டுநர்கள் பேசி வைத்துக்கொண்டு இப்படி வருகிறார்களா? சாலையை அகலப்படுத்தினால் சரியாகுமா? முதலில் வருவதில் ஏறுவதா, அடுத்ததில் ஏறுவதா?

வேலைக்குப் பஸ்ஸிலேயே போய் வருகிறவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கும் வெகுநாள் இருந்தது. ஓட்டுநர்கள் மேல் சந்தேகப்பட்டதும் உண்டு. ஆனால் பேசி வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. அடிக்கடி ஓடும் தடத்தில் யாரும் குறுக்கிடாமல் விட்டுவிட்டால் பஸ்கள் தாமாகவே ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். எந்த நாட்டிலும் இதுதான் நடக்கிறது. 1964-லேயே நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு கணித ஆய்வாளர்கள் இதைச் சமன்பாடு எழுதிக் காட்டிவிட்டார்கள்.

சமன்பாடு இல்லாமலேயே புரிந்துகொள்ளலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் கிளம்புகிறது. அதில் ஒன்று ஏதோ ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் கூடுதலாக மாட்டிக்கொள்கிறது. அடுத்த நிறுத்தத்தில் அதற்காகக் காத்திருப்பது பன்னிரண்டு நிமிடம் சேர்ந்த கூட்டம். அத்தனை பேரும் ஏறி முடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் போகும். அதற்கடுத்த நிறுத்தத்துக்கு இன்னும் தாமதமாகப் போய்ச் சேரும், அங்கே இன்னும் பெரிய கூட்டம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கோ நிலைமை தலைகீழ். அதற்குச் சேர வேண்டிய ஆட்களை முன்னால் போனது அள்ளிக்கொண்டு போய்விட்டது. நிறுத்தத்துக்கு ஒருவர் இருவர்தான், சில இடங்களில் நிற்கவே வேண்டியதில்லை. அதனால் நேரத்துக்கு முன்பாகவே ஓடி வந்து முன்னதைப் பிடித்துவிடும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் தானாகப் பிரிவதில்லை. கொஞ்ச நேரத்தில் மூன்றாவதும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதனால் பயணிக்கு எவ்வளவு நஷ்டம் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். மணிக்கு ஆறு பஸ், சரியாகப் பத்துப் பத்து நிமிட இடைவெளி என்றால், எப்போது போய் நின்றாலும் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்போம். அதே ஆறு பஸ் மும்மூன்றாகச் சேர்ந்து அரை மணிக்கு ஒருமுறை வந்தால் சராசரிக் காத்திருப்பு பதினைந்து நிமிடம். பஸ்களின் எண்ணிக்கை மாறவில்லை, டீசல் செலவும் குறையவில்லை. நமக்கு மட்டும் மூன்று மடங்கு காத்திருப்பு. முழுதாகச் சேரவேண்டும் என்றுகூட இல்லை. பதினெட்டு நிமிடத்தில் ஒன்று, அடுத்த இரண்டு நிமிடத்தில் இன்னொன்று என்று மாறி மாறி வந்தாலே சராசரி எட்டு நிமிடத்தைத் தாண்டிவிடும்.

கூட்டமும் அப்படித்தான். மேலே சொன்ன பதினெட்டு, இரண்டு கணக்கில், பத்தில் ஒன்பது பயணிகள் அந்தப் பதினெட்டு நிமிட இடைவெளிக்குள்தான் நிறுத்தத்துக்கு வந்து சேர்கிறார்கள். அவர்கள் எல்லாரும் ஏறப் பார்ப்பது முதல் பஸ்ஸில். இரண்டாவது பாதி காலியாகப் போகும். அலுவலகத்தில் உட்கார்ந்து இரண்டையும் கூட்டி வகுப்பவர், 'இந்தத் தடத்தில் சராசரிக் கூட்டம் அதிகமில்லை' என்று எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பயணிகளில் பெரும்பாலோர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டுதான் போயிருப்பார்கள். சராசரியைக் காட்டி யாராவது பஸ் வசதி போதும் என்று சொன்னால் எனக்கு உடனே எரிச்சல் வருவது இதனால்தான்.

சரி, சாலையை அகலப்படுத்தினால்? அகலமான சாலை கொஞ்ச நாளைக்கு வேகமாக இருக்கும். வேகமாக இருப்பதைப் பார்த்து, இதுவரை வேறு வழியில், வேறு நேரத்தில், அல்லது ரயிலில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அந்தச் சாலைக்கு வண்டியைத் திருப்புவார்கள். நகரங்களின் உச்ச நேர நெரிசல் சாலை கொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிடும் என்று ஆந்தனி டவுன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1962-ல் எழுதினார். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008-ல் விரிவாக்கி முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் வண்டிகள் ஓட 26 தடங்கள். சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் மறுபடி நீள ஆரம்பித்துவிட்டது. அதைவிட முக்கியம், பஸ்கள் சேர்ந்து வரும் பிரச்சினைக்கும் சாலையின் அகலத்துக்கும் சம்பந்தம் குறைவு. பஸ்கள் சேர்வதற்கு வழிவகுக்கும் தாமதம் பெரும்பாலும் நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் வளர்கிறது.

நிறுத்தத்தை நின்று கவனித்துப் பாருங்கள். ஓரத்தில் யாரோ காரை நிறுத்தியிருக்கிறார்கள், அதனால் பஸ் ஓரம் சேர முடியாமல் இரண்டாவது தடத்தில் நிற்கிறது. அல்லது ஓரத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. நடைபாதையில் இருந்தவர்கள் கீழே இறங்கி, தண்ணீரைச் சுற்றி வந்து, சாலை மட்டத்திலிருந்து உயரமான படியில் காலை வைத்து ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கும், குழந்தையோடு வருகிறவருக்கும், கையில் பை வைத்திருப்பவருக்கும் ஆளுக்கு ஐந்தாறு விநாடி கூடுதல். அப்படி இருபது பேர் ஏறினால் ஏறக்குறைய இரண்டு நிமிடம் போய்விடும். முன்பு சொன்ன அந்த இரண்டு நிமிடத் தாமதம் இப்படித்தான் பிறக்கிறது. சிக்னல்கூட வேண்டாம்.

நிறுத்தத்துக்கு எதிரிலேயே சாலை அலை அலையாகப் பிதுங்கிப் பள்ளமாக இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். ஒப்பந்தக்காரரைத் திட்டிவிட்டுப் போய்விடுகிறோம். பாதி காரணம் இயற்பியல். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலை போட்டு, அதில் லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அதில் கிடைத்த விதி: அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. பஸ்ஸின் பின் அச்சு காரின் அச்சைவிட எத்தனை மடங்கு கனம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்தக் கனம் நாள் முழுக்க ஒரே இடத்தில் பிரேக் போட்டு நிற்கிறது, அதே இடத்திலிருந்து கிளம்புகிறது. வெயிலில் இளகிய தார் பிதுங்கும், விரிசல் விழும். விரிசல் வழியே தண்ணீர் இறங்கி அடியிலுள்ள ஜல்லிப் படுகையைத் தளர்த்திவிட்டால் அப்புறம் பள்ளம்தான். எத்தனை முறை தார் ஊற்றினாலும் அதே இடத்தில் மறுபடி வரும். அதனால்தான் பல நகரங்களில் நிறுத்தத்துக்கு எதிரே பஸ் நிற்கும் நீளத்துக்கு மட்டும் கான்கிரீட் போடுகிறார்கள். வடிகாலையும் சேர்த்துச் சரிசெய்தால்தான் அது நிலைக்கும்.

தீர்வு என்று பார்த்தால் பலரும் பஸ்ஸுக்குத் தனித் தடம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நல்லதுதான், ஆனால் யாராவது ஒருவர் 'ரெண்டே நிமிஷம்' என்று அதில் வண்டியை நிறுத்தினால் அவ்வளவுதான். என் பார்வையில் ஏறும் நேரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. பிரேசிலின் குரிச்சிபாவில் 1974-லேயே பஸ்ஸுக்குத் தனிச் சாலை வந்துவிட்டது. ஆனாலும் 1991-ல் அவர்கள் கொண்டுவந்த குழாய் வடிவ நிறுத்தங்கள்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கட்டணத்தை முன்னாலேயே கட்டிவிட்டு, பஸ்ஸின் தளமும் மேடையும் ஒரே மட்டமாக இருக்க, ரயிலில் ஏறுவதுபோல நடந்து ஏறலாம். சான் பிரான்சிஸ்கோவில் 2012-ல் நகரம் முழுவதும் எல்லாக் கதவு வழியாகவும் ஏறலாம் என்று மாற்றினார்கள். அதற்குப் பாலம் கட்ட வேண்டியதில்லை.

இன்னொரு வழி, முன்னதை நெருங்கிவிட்ட பின்னால் வரும் பஸ்ஸை ஏதாவது ஒரு நிறுத்தத்தில் வேண்டுமென்றே இரண்டு நிமிடம் நிறுத்தி வைப்பது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் 'எடுப்பா வண்டிய' என்று கத்துவார்கள். ஆனால் அதனால் இடைவெளி சீராகி, அடுத்தடுத்த நிறுத்தங்களில் நிற்கும் எத்தனையோ பேருக்குக் காத்திருப்பு மிச்சம். ஓட்டுநர் காரணத்தை ஒரு வரி சொல்லிவிட்டால் பாதிப் பேர் அமைதியாகிவிடுவார்கள்.

எதில் ஏறுவது என்று கேட்டிருந்தீர்கள். நெடுநேரம் கழித்து முதல் பஸ் பிதுங்கி வழிந்துகொண்டு வந்தால் பின்னால் இன்னொன்று நெருங்கி வர வாய்ப்பு அதிகம். செல்போனில் பஸ் இருக்குமிடம் தெரியும் ஊர் என்றால் ஒருமுறை பார்த்துவிட்டு முதலாவதை விட்டுவிடுங்கள். இரண்டாவதில் உட்கார இடம் கிடைக்கும், போய்ச் சேரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான், சில சமயம் அது முன்னதை முந்திக்கொண்டும் போய்விடும். நான் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன். ஆனால் இது அடிக்கடி ஓடும் தடத்துக்கு மட்டும். மணிக்கு ஒன்று, இரண்டு வரும் தடத்திலும், இரவு கடைசி நேரத்திலும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், வந்ததில் ஏறிவிடுங்கள்.