ஹெவி லைசென்ஸுக்கு அவசரம் வேண்டாம், அம்மா

உங்கள் மகனுக்கு 18 முடிந்துவிட்டது, பத்தாம் வகுப்பில் கணக்கு போய்விட்டது, லாரி ஓட்டத்தான் போவேன் என்கிறான், பெரம்பூரில் ஒருவர் 'மூணே மாசத்துல ஹெவி (கனரக வாகன) லைசென்ஸ் எடுத்துத் தரேன்' என்று முன்பணம் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அம்மா. சரக்கு லாரி, பஸ், டாக்ஸி எதை ஓட்டவும் சட்டப்படி 20 வயது ஆக வேண்டும். அதோடு, கார் லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருடமாவது ஆனவருக்குத்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) தருவார்கள்.

அதனால் இப்போது கார் லைசென்ஸ் எடுக்கட்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம்.

ஆனால் டிரைவிங் ஸ்கூலில் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் அவனை எழும்பூர் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஹெவிக்கு டாக்டர் கையெழுத்திடும் படிவம் 1ஏ-யில், நிறக்குருடு கடுமையாகவோ முழுமையாகவோ உண்டா, பகலில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் கேள்வி இருக்கும். பார்வைக் குறை கண்ணாடியில் சரியானால் கவலையில்லை. கடுமையான நிறக்குருடு அப்படியல்ல. நிறக்குருடு தங்களிடம் இருப்பதே பலருக்குத் தெரியாது. இரண்டு வருடம் காத்திருந்து கடைசியில் தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

அடுத்தது அந்தக் கணக்குப் பாடம். லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்பு வேண்டும் என்ற விதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டுத்தான் பையன்கள் படிப்பை விட்டுவிடுகிறார்கள். 2025-இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஓட்டுநருடன் நடத்துநர் (இரண்டையும் ஒருவரே பார்க்கும்) பணிக்கு ஆள் எடுத்தபோது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 24 வயது, ஹெவி ஓட்டிய 18 மாத அனுபவம், நடத்துநர் உரிமம் எல்லாம் கேட்டார்கள். காத்திருக்கும் இந்த இரண்டு வருடத்தில் அவன் தனித்தேர்வராக எழுதிவிடலாம். பஸ் வேலையே வேண்டாம் என்று அவன் இன்று சொன்னாலும் எழுதச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு மனசு மாறும்.

20 ஆனதும் வருமானம் வேண்டுமென்றால் ஹெவிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள வாடகை வண்டியைக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. குட்டியானை எனும் சின்ன சரக்கு வண்டி, கால் டாக்ஸி எல்லாம் இதில் அடங்கும்.

மணலியில் எண்ணெய் ஏற்றும் டேங்கர் லாரி ஓட்டும் ஆசை இருந்தால் அது இன்னும் தள்ளி. ஆபத்தான சரக்குக்கு மூன்று நாள் தனிப் பயிற்சி, லைசென்ஸில் தனிப் பதிவு, ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிதல் எல்லாம் வேண்டும். முதல் வேலையாக அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. சில வருடம் சாதாரண லோடு ஓட்டட்டும், அப்புறம் பார்க்கலாம்.